மூன்றாவது துண்டு

அறுவைக்குக் கை கழுவிக்கொண்டிருந்தபோது நர்ஸ் ஜெசிந்தா வந்து நின்றாள். "டாக்டர், கமால் பாய் தவறிட்டாங்களாம். வீட்டு ஆள் வந்து சொல்லிட்டுப் போறாங்க." கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நம் ஆஸ்பத்திரி லேபரட்டரி டாக்டர் கமாலுத்தீனை உங்களில் பலருக்குத் தெரியும். நோயாளி மேஜையில் கிடக்கும்போதே, நான் வெட்டி அனுப்பும் சதையைச் சோடாக் கம்பெனியில் கேட்டு வாங்கிய வாயுவால் உறையவைத்து, மெல்லியதாகச் சீவிப் பார்ப்பார். பதிலைச் சீட்டில் எழுதி அனுப்பமாட்டார். "நல்லதோ கெட்டதோ, நேர்ல வந்து சொல்லணுங்க" என்பார்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய வருஷம், தலத்தெருவிலிருந்து செல்லம்மாள் வந்தாள். குடத்தைத் தூக்கினால் எலும்பு முறிகிற உடம்பு. கழுத்தில் பயறளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு. அவற்றில் ஒன்று வீங்கி, அவள் எலும்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாக வேண்டும்.

பிற்பகலில் கழுத்தைத் திறந்தேன். முதல் துண்டு போனது. "வெறும் கொழுப்புங்க." இரண்டாவது போனது. "இதுவும் இல்லைங்க." ஊர் என் கையைப் புகழ்ந்த காலம்; தலைக்கனம் வேறு. "கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாருங்க பாய்!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "மறுபடியும் சீவிப் பார்த்துட்டேங்க. இப்ப மூடிட்டா அந்தப் பொண்ணு பொழைக்காது. தேடுங்க, நான் இருக்கேன்."

பொழுது சாய்ந்து பள்ளிவாசலில் மஃரிபு பாங்கு ஒலித்தபோது, உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒரு சின்னக் கட்டி கிடைத்தது. மூன்றாவது துண்டு போனது. அரை மணி கழித்துக் கதவருகே வந்தார். "இதுதாங்க. தைச்சிடுங்க." குரல் கம்மியிருந்தது.

கையுறையைக் கழற்றும்போது ஜெசிந்தா சொன்னாள்: "பாய் இன்னிக்கு நோன்பு டாக்டர். பேரீச்சம்பழத்தைக் கையில எடுத்தாங்க, நான் துண்டைக் கொண்டுபோனதும் வச்சிட்டாங்க. இப்பதான் தண்ணி குடிக்கிறாங்க."

மறுநாள் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். "வாங்க டாக்டர், அந்தப் பொண்ணு எப்படி இருக்கு?" என்றார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நாளைக் கடத்தினேன். இனி கேட்க முடியாது. அது என்னை அறுக்கிறது.

அடக்கத்தன்று அவர் வீட்டெதிரே செல்லம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. "அவுங்க மொகத்தக்கூட நான் பார்த்ததில்லைங்க" என்று அழுதாள்.

அவரால் எனக்கு வந்த பழக்கம் ஒன்றுண்டு. துண்டை அனுப்பியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்ப்பேன். நேற்றும் அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சீட்டு வந்தது.