படத்தை நிறுத்தி நடத்திய பாடங்கள்

சினிமாக் காட்சி காட்டிப் பொருளாதாரம் நடத்துகிறவனுக்கு, எந்த இடத்தில் படத்தை நிறுத்துவது என்பதுதான் பாதித் தொழில். நான் தம்பானூர் லாட்ஜ் ஒன்றில் ராத்திரி கிளார்க். பொருளாதாரம் எனக்கு யாரும் சொல்லித் தந்ததல்ல. வரவேற்பு மேசையில் விழித்திருந்து நானே படித்தது. பகலில் தூக்கமும் வராது. அதனால் சாலைக் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன். என்னைப் போல் டியூஷன் எடுத்து அவதிப்படுகிறவர்களுக்கு இது புரியும்.

ஒரே பாட்டில் முன்னேற்றம்

வருமானம் எதனால் கூடுகிறது என்று கேட்பதற்காக ஒரு பாட்டைப் போட்டேன். பல்லவியில் நாயகன் தள்ளுவண்டியில் சுண்டல் விற்கிறான். கடைசிச் சரணத்தில் சொந்த ஹோட்டல் திறக்கிறான். முதலீடு, உழைப்பு என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். கடைசி பெஞ்சு ஷிபு எழுந்தான்.

"பாட்டு நீளமா இருந்துதுல்லா சார், அதான்."

மருமகள் கழுவிய பாத்திரம்

டிவி தொடர் ஒன்றில் மருமகள் அழுதுகொண்டே பாத்திரம் கழுவும் காட்சி. வீட்டு வேலைக்குச் சம்பளம் கிடையாது, அதனால் அது நாட்டு வருமானத்தில் சேராது என்று நடத்திக்கொண்டிருந்தேன். என்னிடம் படிக்கும் ஜெயாவைக் கூட்டிப்போக வந்த அவள் அம்மா வாசலிலேயே நின்று கேட்டார். அவர் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். கணவர் சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமப்பவர். ஜெயாவை பி.ஏ. பொருளாதாரம் சேர்த்துவிட வேண்டும் என்பது அந்த வீட்டின் ஒரே ஆசை. என்னுடையதும்தான்.

"ஹோட்டல்ல கழுவுனா நாட்டுக்கு வருமானம். வீட்டுல கழுவுறது எந்த நாட்டுக்கு சாரே?"

படிப்பின் விலை

ஒரு படத்தில் லாரி ஓட்டுகிறவன் வேலையை விட்டுவிட்டுக் காலேஜில் சேருகிறான். அந்த இடத்தில் நிறுத்தி, இவன் படிப்புக்கு என்ன செலவு என்று கேட்டேன். ஃபீஸ் என்றார்கள், பஸ் காசு என்றார்கள், ஷிபு புது ஷர்ட்டைச் சேர்த்தான். ஜெயா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை சரியான பதிலைத் தானாகச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"லாரி ஓட்டியிருந்தா மூணு வருஷச் சம்பளம் கிடைச்சிருக்கும் இல்லையா சார், அதுவும் செலவுதான்."

துவர்த்து வாங்கப் போன கடை

பரீட்சையில் ஜெயாவுக்குத்தான் முதல் மார்க். காலேஜில் இடமும் கிடைத்தது. பிறகு ஒரு நாள் தலை துவட்ட ஒரு துவர்த்து வாங்கச் சாலைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்குப் போனேன். எடுத்துக் காட்டியது ஜெயா. அப்பா மூட்டையோடு வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்து படுத்திருக்கிறார் என்று, துணியை மடித்தபடியே சொன்னாள். காலேஜ் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாளாம்.

நான் விடவில்லை. மூன்று வருஷம் பொறுத்தால் பின்னால் வருகிற வருமானம் எவ்வளவு கூடுதல், அடுத்த காட்சியையும் போட்டேனே, அந்த லாரிக்காரன் ஆபீசராகி ஜீப்பில் வரவில்லையா என்றேன். அவள் துவர்த்தைப் பொதிந்து என் கையில் கொடுத்தாள்.

"பார்த்தேன் சார். அந்த மூணு வருஷம் அவன் வீட்டுல சோறு எப்படி வெந்துதுன்னு மட்டும் படத்துல காட்டல."

சக டியூஷன்காரர்களே, நான் நடத்தியதில் ஒன்றுமே புரியாத அத்தனை பேரும் இப்போது காலேஜில் இருக்கிறார்கள்.