ஐந்தாவது கிணற்றின் எர்த் குழி

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் மின்சாரக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். கிணற்று மோட்டார்களைச் சோதித்து, எல்லாம் சரி என்று தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது விழுந்தால்தான் இணைப்பு. அந்த வயதில் எனக்கு அதில் ஏகப்பட்ட மிதப்பு.

மயிலம் போகிற வழியில் ஒரு கிராமத்தில் ஐந்து கிணறுகளுக்கு ஒரே நாளில் கரண்ட் கொடுக்க விழா ஏற்பாடானது. நான்கு தயார். ஐந்தாவதற்கு எர்த் குழி எடுக்கவில்லை. மோட்டாரில் கரண்ட் கசிந்தால் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறக்கிவிடுவது அந்தக் குழிதான். அதில் இறக்க வேண்டிய குழாய் வந்து சேரவில்லை.

“எழுதிக் குடுத்துடுப்பா,” என்றார் என்ஜினீயர். “பெரிய மனுசங்கல்லாம் வர்றாங்க. ஒண்ணை மட்டும் விட்டா நம்ம மானம் போயிடும். குழியை அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.”

மறுத்திருந்தால் என் வேலை ஒன்றும் போயிருக்காது. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். அந்த முகத்துக்குப் பயந்துதான் கையெழுத்துப் போட்டேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

விழா நடந்தது. ஐந்து கிணற்றிலும் தண்ணீர் பாய்ந்தது. எல்லோரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

வீட்டுக்குப் புதிதாக ஏரோ மாடோ வந்தால், தலைக்குக் குளித்த ஈரத்தோடு மஞ்சள் குங்குமம் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். எனக்குத் தெரியாததல்ல, எங்கள் வீட்டில் தையல் மெஷினுக்கே அப்படித்தான் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஐந்தாவது கிணற்றுக்காரர் ஈர வேட்டியோடு போய், ஓடிக்கொண்டிருந்த மோட்டாருக்குப் பொட்டு வைத்தார். தூக்கி எறிந்தது. உயிர் பிழைத்தார். வலது கை விரல்கள் மடங்கியது மடங்கியதுதான்.

விசாரணைக்கு ஆள் வருவதற்குள், எங்கிருந்தோ ஒரு குழாயைப் பிடித்து, குழி எடுத்து, கரண்ட் மண்ணில் இறங்க வழக்கமாகப் போடும் கரியும் உப்பும் கொட்டி மூடிவிட்டோம். உப்பு மூட்டையைச் சுமந்தவன் நான்தான். எர்த் சரியாக இருந்தது, ஈரக் கையோடு தொட்டது விவசாயியின் கவனக்குறைவு என்று கம்பெனி எழுதியது. அதிலும் என் கையெழுத்து உண்டு.

ஒரு மாதம் கழித்து அந்தக் கிணற்றுக்காரர் ஆபீஸுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“தப்பு என் மேலதாங்க சார். ஈரத்தோட தொட்டுட்டேன். அதுக்காகக் கரண்டைப் புடுங்கிடாதீங்க. தண்ணியில்லேன்னா மல்லாட்டைப் பயிரு காய்ஞ்சிப் பூடுங்க.”

சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. உள்ளே என்ஜினீயர் இருமுவது கேட்டது.

“புடுங்க மாட்டோம்,” என்றேன். “இனிமே ஈரக் கையோட தொடாதீங்க.”

“சரிங்க,” என்றவர், மடங்கிய கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.