போஸ்டரில் பறந்தவன் படத்தில் இல்லை

இன்று மதியம் கரோல் பாக் தியேட்டரில் சீனப் படம். சீனப் படம் என்றாலே அடிதடிதான் என்று முடிவுகட்டி, வாசலில் எவனோ பறந்து உதைக்கும் போஸ்டரை ஒட்டியிருந்தார்கள்.

உள்ளே ஓடியதோ, ஓடிப்போன மகனுக்காகத் தினமும் ஸ்டேஷனில் காத்திருக்கும் ஒரு அம்மாவின் கதை.

“அரே பையா, ஃபைட் திகாவோ!” சண்டையைக் காட்டச் சொல்லிக் கூட்டம் இந்தியில் கத்தியது.

திடீரென்று திரையில் அந்த அம்மாவின் போட்டோ முன்னால் ஊதுபத்தி புகைகிறது. நடுவில் ஒரு ரீலையே காணோம்!

படம் ஓட்டும் ஆபரேட்டர் சேலத்துக்காரர். சண்டைக்குப் போனேன்.

“என்னம்மா செய்றது? நாற்காலியை உடைச்சிருவானுங்க. அதான் சீக்கிரம் முடியட்டும்னு ஒரு ரீலை ஓட்டாம விட்டுட்டேன்.”

வயிறு எரிகிறது. நம் தில்லித் தமிழ்ச் சங்க அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டுகிறேன். அந்த மகன் வந்தானா? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.

‘ஃபைட் இருந்ததா?’ என்று கேட்பவர்கள் நேரில் வாருங்கள், காட்டுகிறேன்.