முதலில் குளிப்பவர்

வெந்நீர்க் குழாயின் திருகில் ஒரு பொட்டுச் சிவப்புச் சாயம். ஜன்னல் கம்பிக்கு அடித்தது போக டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த சாயம் அது. தூரிகையைக்கூடத் தேடாமல் தீக்குச்சி நுனியில் தொட்டு வைத்தவன் நான். அந்த ஒரு பொட்டை வைக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது. நாற்பது வருடம் ஆகப்போகிறது. இப்போது இருக்கும் வீட்டில் கைப்பிடியைச் சாய்த்தால் போதும், வெந்நீர் கொட்டுகிறது. கொட்டியும் அதன் கீழே அமைதியாக நிற்கத் தெரியவில்லை எனக்கு. பாதிக் குளியலில் வெளியே வந்து, எதையோ மறந்தவன்போல ஈரக்காலோடு வீட்டுக்குள் நடக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் வேங்கிக்கால் பக்கம் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்திருந்தன. எங்கள் வீடும் அப்படி முளைத்தது. அண்ணன் வேலூரில் ஓர் அலுவலகத்தில் இருந்தான்; காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். வீடு கட்டும்போது அவன் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான்: குளியலறையில் ஷவர், அதில் வெந்நீர். கீசர் வந்தது. தெருவில் வேறு யார் வீட்டிலும் இல்லாத கீசர். வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதைக் காட்டினாள். அப்பா மட்டும் கடைசிவரை கிணற்றடியில்தான் குளித்தார். ஆனால் விடியுமுன் எழுந்து எல்லோருக்காகவும் சுவிட்சைப் போட்டுவிடுவது அவர்தான்.

குளித்தவர்தான் அடுப்பைத் தொடலாம் என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே முதல் குளியல் அண்ணியுடையது. அண்ணன் மனைவி கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பெண். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். அவர் வீட்டில் மல்லாட்டைத் தோலைப் போட்டு எரித்தால் அண்டா தண்ணீர் கால் மணியில் கொதிக்குமாம். அண்ணிக்கு இளைப்பு உண்டு. பனிக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ அரம் போடுவதுபோலக் கேட்கும். கல்யாணமாகி வந்த முதல் கார்த்திகையிலேயே அவர் அண்ணனிடம் சொன்னார், தண்ணீர் சுட ரொம்ப நேரமாகிறது, அதற்குள் குளித்தே முடித்துவிடுகிறேன் என்று.

அண்ணனுக்கு அது விளங்கவில்லை. அண்ணி வெளியே வந்ததும் அவன் உள்ளே போவான். அவனுக்குத் திருகியதும் ஆவி பறந்தது. அவனுக்கு அடுத்துப் போகும் அம்மாவுக்கும் அப்படியே. அம்மாவுக்கு அடுத்துப் போகும் எனக்கும் அப்படியே. மூன்று பேருக்கு வரும் வெந்நீர் ஒருத்திக்கு மட்டும் எப்படி வராமல் போகும்? அண்ணன்தான் அந்தத் தீர்ப்பைச் சொன்னான்: "நீ எந்தக் குழாயத் திருப்புற? பச்சத்தண்ணியத் தொறந்துட்டு நிப்ப." அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலமே சிவப்புப் பொட்டை வைத்தேன். அதன் பிறகு அது வீட்டின் வேடிக்கையாயிற்று. விருந்தாளிகளுக்குக் கீசரைக் காட்டும்போது அம்மா பொட்டையும் காட்டினாள். மருமகளுக்காக வைத்தது என்று அன்பாகத்தான் சொன்னாள். அண்ணி தட்டில் முறுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருப்பார். அவர் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த வருடம் நான் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன். ஓரிடத்தில் உட்கார முடியாது. மத்தியானங்களில் மலையைப் பார்த்துக்கொண்டு மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடப்பேன். எதையாவது கழற்ற வேண்டும், எதையாவது மாட்ட வேண்டும். ரேடியோவைக் கழற்றினேன், கடிகாரத்தைக் கழற்றினேன். பிறகு ஷவருக்கு வந்தேன். அண்ணி இளைப்பு தாங்காமல் இரண்டு நாளாகப் படுக்கையில் உட்கார்ந்தபடியே தூங்கினார் என்பது காரணம்தான். அது ஒன்றே காரணமென்று சொன்னால் பொய்.

ஷவர் முகத்தில் உப்புப் படிந்து பாதித் துளைகள் அடைந்திருந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் அப்படி. புளிக்கரைசலில் ஊறவைத்து, ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். தண்ணீர் கொஞ்சம் வேகமாக விழுந்தது, அண்ணிக்குச் சுடவில்லை. கரண்ட் கம்மியாக வருகிறதோ என்று பார்த்தேன். கீசர் மாட்டியவரைக் கூட்டிவந்தேன். அவர் பத்து மணிக்கு வந்து, மூடியைக் கழற்றி, காயிலைத் தட்டி, வெளிக்குழாயில் விரலை வைத்துச் சுட்டுக்கொண்டு, மிஷினில் ஒரு குற்றமும் இல்லை என்றார். நானும் அதையே வந்து அண்ணியிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"எல்லாரும் எனக்குப் பின்னாடியே போய்ப் பாக்கறீங்க. ஒரு நாளு எனக்கு முன்னாடி போய்ப் பாருங்க தம்பி."

இவ்வளவு எளிய விஷயம் படித்த எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவருக்கு முன்னால் எழுந்து போய், சிவப்புக் குழாயைத் திருகி, கீழே வாளியை வைத்தேன். மார்கழி பிறக்க இரண்டு நாள் இருந்தது. முதல் வாளி நிறைந்தது, பனிக்கட்டி. இரண்டாவது வாளி பாதி ஏறிய பிறகுதான் கைக்குச் சூடு தெரிந்தது. கால் மணி நேரம். அண்ணியின் குளியலுக்கு வீடு கொடுத்திருந்த நேரமே அவ்வளவுதான். அதற்குள் அவர் அடுப்படியில் இருந்தாக வேண்டும். தண்ணீரைச் சும்மா ஓடவிடவும் முடியாது. சாக்கடைச் சத்தம் அம்மாவின் கட்டிலுக்குக் கேட்கும். ஆகவே குழாயில் இரவெல்லாம் கிடந்து ஆறிய தண்ணீர் முழுவதையும் அண்ணி தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அவர் காலி செய்துகொடுத்த குழாயில்தான் எங்களுக்கு வெந்நீர் வந்தது.

குழாய் போட்டவரைப் பிடித்தேன். வீட்டைச் சுற்றிக் காட்டினார். கீசர் தென்கிழக்கில், சமையலறையின் அக்னி மூலையில். குளியலறை வடமேற்கில். நடுக்கூடத்துச் சாமிச் சுவரைக் கொத்த அப்பா விடவில்லை என்பதால் இரும்புக் குழாய் வெளியே இறங்கி, தெற்குச் சுவர் முழுக்க, மேற்குச் சுவர் முழுக்கப் பனியில் நனைந்துகொண்டு போயிற்று. "தண்ணி கிரிவலம் வருது தம்பி," என்றார் அவர். "அதுவும் மொறப்படி, வலமாத்தான் வருது. வந்து சேரதுக்குள்ள ஆறிப்போவாதா?"

கீசரைக் குளியலறைக்கே மாற்றிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை. அப்பா அடி அண்ணாமலையில் கூரை வீட்டில் பிறந்தவர். அவருக்கு எட்டு வயதில் அந்த வீடு எரிந்தது. அடுப்பு மூலை மாறியதால்தான் என்று பெரியவர்கள் சொன்னதை அவர் உடம்பே நம்பியிருந்தது. "கரண்டானாலும் நெருப்பு நெருப்புதான்டா," என்றார். அத்தோடு நான் எழுந்துவிட்டேன்.

எழுந்தவன் சுலபமான வழி ஒன்றைக் கண்டுபிடித்தேன். மார்கழி முதல் நாளிலிருந்து அண்ணிக்கு முன்னால் நான் குளித்தேன். ஆறிய தண்ணீரை என் தலையில் விட்டுக்கொண்டு, சூடு வரும்போது குழாயை மூடிவிட்டு, பல் தந்தியடிக்க வெளியே வந்தேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டதென்று கோயில் வாசலில் பூக்காரியிடம்கூடச் சொன்னாள். அண்ணியின் நெஞ்சுச் சத்தம் ஒரு வாரத்தில் அடங்கியது. என்னைப் பற்றி எனக்கே ஒரு மயக்கம். குளிரைத் தாங்க முடிந்த எனக்கு, கூடத்தில் நாலு பேர் முன்னால் ஒரு வாக்கியம் சொல்வதைத் தாங்க முடியவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

பொங்கலுக்கு அண்ணியின் அப்பா ஒரு மூட்டை மல்லாட்டையோடு வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் குழாய்க் கதையை எடுத்தான். அம்மா முடித்துவைத்தாள்: "இப்பதான் சம்மந்தி, ஒரு மாசமா, எந்தக் குழாயத் திருப்பணும்னு கத்துக்கிட்டிருக்கா. இப்ப ஒரு கொறையும் சொல்றதில்ல." அந்த மனிதர் இலையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார், மகளுக்காக மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு. அண்ணி ரசப் பாத்திரத்தோடு நின்றார். அவர் பார்த்தது என்னை. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு பின்கட்டில் அவர் சொன்னார், குரலைக் கொஞ்சமும் உயர்த்தாமல். "நீங்க எனக்காகக் குளிர்ல நிக்க வாணாம் தம்பி. நான் சொன்னது நெசம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

மறுநாள் மாட்டுப் பொங்கல். அதற்கடுத்த நாள் அண்ணனுக்கு அலுவலகம். நான் துண்டோடு போனபோது குளியலறை வாசலில் அண்ணி நின்றிருந்தார், எனக்கு வழி விடாமல். அண்ணனை எழுப்பிக் கூட்டி வந்திருந்தார். இன்னிக்கு நீங்க முன்னாடி குளிச்சிட்டு வாங்க என்றார். அப்படியானால் காபி என்று அவன் முனகினான். காபி அப்புறம் என்றார். அவன் போனான். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு உள்ளேயிருந்து ஓர் அலறல். தண்ணி ஐஸா இருக்கு என்று கத்தினான். அம்மா கட்டிலிலிருந்து எழுந்து வந்தாள். சுவிட்சடியில் நின்றிருந்த அப்பாவும் திரும்பினார்.

அண்ணி கதவோரம் போய், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரியான குழாயத் திருப்பினீங்களான்னு பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சாக்கடைச் சத்தத்துக்கு அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து, சூடு வந்த பிறகுதான், அண்ணன் வெளியே வந்தான். அண்ணியைப் பார்க்க அவனால் முடியவில்லை போலும், என் பக்கம் திரும்பினான்.

"ஒரு மாசமா நீதான முன்னாடி குளிக்கற? ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்," என்றேன்.

அந்தத் தை மாதமே அப்பா குழாய்க்காரரை வரச்சொன்னார். கீசர் குளியலறைச் சுவருக்குப் போயிற்று. எனக்கு வெளியூரில் வேலை கிடைத்துக் கிளம்பினேன். அண்ணி இன்றைக்கும் நான் போனால் பிடித்ததைச் சமைக்கிறார், என் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார், ஊருக்குக் கிளம்பும்போது மல்லாட்டை கட்டித் தருகிறார். ஆனால் அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட, இதைக் கொஞ்சம் போய்ப் பாருங்க தம்பி என்று எதற்கும் என்னைக் கேட்டதில்லை.