ரப்பர் வாசனை என்று சொன்னேன்

முதல் அறிகுறி தலைவலி. கிணற்றிலிருந்து மேலே வந்து, படியில் உட்கார்ந்து, முகக்கண்ணாடியைக் கழற்றியதும் சுதாகர் சொன்னது அதைத்தான். மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்குபவர்களுக்கும், அப்படி இறங்கியவரை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டு வெளியே காத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

சுதாகர் என் மனைவி கலாவின் தம்பி. வயது முப்பது. பெற்றோர் இல்லாததால் எங்களோடு இருக்கிறான். அக்கா புருஷன் என்பதால் என்னைப் ‘பாவா’ என்று கூப்பிடுவான். விசைத்தறிக் கூடத்தில் வேலை. நான் திருத்தணியில் பம்ப்செட் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கிணற்றில் விழுந்த மோட்டார்களை எடுப்பதற்காகவே புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா பயிற்சி முடித்தேன். அவர்கள் கொடுத்த அட்டையைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். ஊரில் எனக்கு ‘ஆக்சிஜன்காரர்’ என்று பெயர் வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

உண்மையில் நீருக்கடியில் நாங்கள் சுவாசிப்பது வெறும் ஆக்சிஜன் அல்ல. இப்போது நீங்கள் இழுக்கிறீர்களே, அதே காற்றுதான். சுத்தமான ஆக்சிஜன் ஆழத்தில் வலிப்பை உண்டாக்கி ஆளையே கொன்றுவிடும். மூச்சுக்குப் போகும் காற்று நல்லதா என்று பார்த்த பிறகுதான் மற்ற எல்லாம் என்று பயிற்சியில் முதல் நாளே சொன்னார்கள். அதை நான் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சிலிண்டரை நிரப்ப ஒவ்வொரு முறையும் சென்னைக்கு ஓட வேண்டியிருந்தது. அலுப்பில் வேறு முறைக்கு மாறினேன். பெட்ரோல் இன்ஜினில் ஓடும் சின்ன கம்ப்ரசர் ஒன்றைக் கரையில் வைத்து, நீளமான ஹோஸ் வழியாகக் கீழே காற்று அனுப்புவது. கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாயில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு குழாய் நிற்க வேண்டும். அதுவும் இன்ஜின் புகை வராத பக்கமாக. அந்தக் குழாய் உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றே ஒரு மாதத்தை ஓட்டினேன்.

அன்று போனது கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டக் கிணறு. எனக்குச் சளி பிடித்துக் காது அடைத்திருந்தது. அடைத்த காதோடு ஆழத்துக்குப் போனால் செவிப்பறை கிழிந்துவிடும். அதனால் சுதாகரை இறக்கினேன். அவனுக்கு என்ன பயிற்சி என்று கேட்டால், நான் ஒரு அரைநாள் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான். நன்றாக நீந்துவான், பயப்பட மாட்டான், அது போதும் என்று நினைத்தேன்.

கிணற்றின் கிழக்குப் பக்கம் ஏழு கன்னிமார் கற்கள் இருந்தன. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். நான் கம்ப்ரசரை இறக்கி வைத்ததும் தோட்டக்காரர் வந்தார்.

“சாமி மேல பொக படக்கூடாதுங்க. மிஷினைக் கொஞ்சம் திருப்பி வெச்சுக்கோங்க.”

எங்கள் பக்கத்தில் கிணற்று வேலைக்குப் போகிற எல்லோரும் செய்வதுதான் இது. திருப்பி வைத்தேன். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். புகைக்குழாய் இப்போது மேற்கே பார்த்தது. காற்றும் மேற்கிலிருந்துதான் வந்தது. வெளியே போன புகை திரும்பி மிஷின் மேலேயே கவிந்தது. கம்ப்ரசர் அதை இழுத்து ஹோஸுக்குள் அனுப்பியது. ஏழு கல்லுக்குப் புகை ஆகாது என்று யோசித்தவனுக்கு, கீழே மூச்சு விடப்போகிற ஆளுக்கு ஆகாது என்று தோன்றவில்லை.

பத்து நிமிடத்தில் சுதாகர் மேலே வந்தான்.

“தல வலிக்குது பாவா. ஹோஸ்ல ஒரு மாதிரி நாத்தம் வருது.”

“ரப்பர் வாசனைடா அது. வெயில்ல கெடந்துகினு இருந்துது இல்ல” என்றேன்.

மோட்டாரில் கயிறு பாதிதான் கட்டியிருந்தான். இன்னும் ஒரே முறை போய் வந்துவிடு என்றேன். அவன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கினான். நான் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டான். கொஞ்ச நேரத்தில் அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அசைத்துப் பார்த்தேன், பதில் இல்லை. நானும் தோட்டக்காரரும் சேர்ந்து இழுத்து மேலே போட்டோம். மூச்சு இருந்தது. நினைவு இல்லை.

பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது காலை பதினொரு மணி. டாக்டரம்மா என்ன நடந்தது என்று கேட்டார். கிணற்றில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று சொன்னேன். தோட்டக்காரர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. யாரும் சொல்லச் சொல்லவில்லை. கடையில் மாட்டியிருந்த அட்டைதான் கண்முன் வந்தது.

விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கிளிப்) மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. நன்றாக இருக்கிறதே என்றார் டாக்டர். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தண்ணீர் குடித்தவருக்கு என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். நான் சொன்னதை நம்பிச் செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

அந்தக் கிளிப் இந்த ஒரு விஷயத்தில் ஏமாந்துபோகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கார்பன் மோனாக்சைடு (எரிபொருள் அரைகுறையாக எரியும்போது வரும் நச்சு வாயு) இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கிளிப் அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணிவிடுகிறது. உங்கள் ஆள் புகைபட்ட காற்றைச் சுவாசித்திருந்தால், விரலில் எண் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நடந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாயைத் திறந்து சொல்வதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். நான் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. கிளிப் ஏமாறும் என்பது தெரியாதே தவிர, இன்ஜின் புகை காற்றில் கலந்தால் என்ன ஆகும் என்பது தெரியும். பயிற்சித் தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியான விடை எழுதியவன் நான்.

நான்கு மணிக்கு டாக்டர் மறுபடி வந்தார். சுதாகர் அரை மயக்கத்தில் முனகிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்தவர் மாதிரி தெரியவில்லை, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். கலா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஹோஸ்ல நாத்தம் பாவா” என்றான் சுதாகர், கண்ணைத் திறக்காமலே.

கலா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார். திட்டியிருந்தால் தேவலாம்.

முழு ஆக்சிஜன் முகமூடி போட்டார்கள். இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். இருட்டுவதற்குள் சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே உயர் அழுத்த அறையில் (காற்றழுத்தத்தைக் கூட்டி ஆக்சிஜன் கொடுக்கும் இரும்புக் கூடு) மூன்று முறை வைத்தார்கள். நான்காம் நாள் சுதாகர் நடந்தே வீட்டுக்கு வந்தான். இட்லி கேட்டுச் சாப்பிட்டான். தப்பித்தோம் என்று நினைத்தேன். அதிலும் முக்கால்வாசி, நான் தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் எல்லாம் மாறியது. சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றான். காலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து நடந்தான். தெரியாமல் சிறுநீர் போய்விட்டு அழுதான். இந்த விஷம் சிலருக்கு இப்படித்தான், நன்றாக இருப்பது போல் காட்டிவிட்டுப் பிறகு மூளையைத் தாக்கும் என்றார் நரம்பியல் மருத்துவர். முன்னாலேயே ஆக்சிஜன் கொடுத்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் இன்றுவரை வாழ்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். கால்கள் முதலில் வந்தன. கை பிறகு வந்தது. நினைவுதான் முழுதாக வரவில்லை. முக்கியமானதை ஒரு நோட்டில் எழுதி, தினமும் காலையில் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போட இன்னும் விரல் நிதானம் போதவில்லை. திருத்தணி மலைக்கோயில் படிகளில் மெதுவாக ஏறி இறங்கச் சொன்னார்கள். பத்துப் படியில் தொடங்கினோம்.

அன்று கிணற்றில் நடந்தது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. அவன் வழுக்கி விழுந்ததாகவும் நான் குதித்துக் காப்பாற்றியதாகவும் ஊரில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. குதித்தேன் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. சுதாகர் அதையே நம்பினான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் “பாவா இல்லன்னா நான் இல்ல” என்பான். கலா அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

“அவன் இன்னொருத்தர் வாயால கேக்கக்கூடாது. நீங்களே சொல்லுங்க” என்றாள் ஒரு நாள். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் கடத்தினேன். அவன் உடம்பு தாங்காது என்று காரணம் வைத்திருந்தேன். தாங்காதது என் முகம்தான்.

நூறாவது படியைத் தொட்ட அன்று, அங்கேயே உட்கார்ந்து சொன்னேன். குழாய் உடைந்திருந்ததை, மிஷினைத் திருப்பியதை, ரப்பர் வாசனை என்று சொன்னதை, மறுபடி இறக்கியதை, ஐந்து மணி நேரம் பொய் சொன்னதை. அவன் கேட்டுக்கொண்டே கீழே போகும் ஜனங்களைப் பார்த்தபடி இருந்தான். இறங்கி வந்தோம்.

மறுநாள் அதே படியில் உட்கார்ந்ததும், “நேத்து இங்க ஏதோ சொன்னீங்களே பாவா, இன்னா அது?” என்றான்.

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முதல் தடவையை விட இது கடினமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பான் என்பது தெரிந்தே சொல்ல வேண்டியிருந்தது.

சொல்லி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்து எழுத்தாக எழுதினான். எனக்கும் காட்டினான். ‘நான் வழுக்கி விழவில்லை. காற்று கெட்டது. பாவாவுக்குத் தெரியும். ஐந்து மணி நேரம் சொல்லவில்லை.’

“இனிமே நீங்க சொல்ல வாணாம் பாவா. மறந்துட்டா இதுல பாத்துக்கறேன்.”

கோபமா, மன்னிப்பா என்று அவன் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. எழுந்திருக்க வழக்கம்போல் கையை நீட்டினான். பிடித்துத் தூக்கினேன்.

கம்ப்ரசரை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டேன். அட்டையைக் கழற்றிவிட்டேன். இப்போது பேருந்துப் புகை முகத்தில் அடித்தால் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். சுதாகர் தூங்கும்போது அவன் மூச்சை எண்ணுகிறேன். என் மூச்சு எனக்குக் கேட்கிறது, முன்பெல்லாம் கேட்டதில்லை.

தினமும் காலையில் காபி குடித்துவிட்டு அவன் நோட்டைத் திறக்கிறான். அந்தப் பக்கம் வந்ததும் விரல் நிற்கிறது. சில நாள் தெரிந்ததைப் படிப்பவன்போலத் தாண்டிப் போகிறான். சில நாள் முதன்முதலாகப் படிக்கிறான். அப்போது மெல்லத் தலையைத் தூக்கி என்னைப் பார்க்கிறான், ஆமாம் என்று நான் தலையாட்டுகிறேன்.