முதல் பிரிவுக்கு ஒரு கதவு

இருட்டிய பிறகு கல்லூரி மைதானத்தில் என்ன சத்தம் கேட்டாலும் போய்ப் பார்க்க வேண்டியது விளையாட்டுத் துறைக்காரர்தான். சின்னக் கல்லூரிகளில் இந்தத் துறையைக் கட்டி மேய்க்கும் உங்களுக்கு இது தெரியும்.

நாமக்கல் பக்கம் எங்கள் கல்லூரி. கால்பந்து அணியைப் பல்கலைக்கழக லீக்கின் முதல் பிரிவில் சேர்க்க விண்ணப்பித்திருந்தோம். நன்றாக ஆடினால் மட்டும் போதாது, வேலி, இருக்கை என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். தேறினால் என் தற்காலிக வேலை நிரந்தரம். இல்லையென்றால் கைக்குழந்தையோடு வீட்டில் உட்கார வேண்டியதுதான். குழந்தை தூங்கிவிட்டாள், எழுதுகிறேன்.

டங்... டங்...

ஒருநாள் விளக்கு வைத்த நேரம், மைதானத்துக் கோடியில் தகரம் அலறியது. எனக்கு இருட்டென்றால் உயிரே போய்விடும். கான்வென்ட்டில் கற்ற ஜெபத்தை முணுமுணுத்தபடி டார்ச்சோடு போனேன். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் வரிசையாகத் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். பாதி வேலி முடிந்திருந்தது! நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"ஏனுங்க மேடம், உங்க பந்து வந்து உழுந்தா கோழி மெரண்டு முட்டைய நிறுத்திப்போடுதுங்க. வேலி உங்களுக்கில்லீங்க, எங்கோழிக்குங்க!"

இரண்டாவது கோல்கீப்பர்

அணியில் கோல்கீப்பர் இருவர் வேண்டும். முட்டை லோடு ஏற்றப் போகும் மாணவன் ஒருவன் கிடைத்தான். எந்தப் பந்தையும் விடவில்லை. ஆனால் பிடித்ததும் குனிந்து, பூப்போல் தரையில் வைத்துவிடுவான். அதற்குள் எதிரணி வந்து தட்டிவிடும். "தூக்கி எறிடா!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கை வர மாட்டேங்குதுங்க மேடம், ஒடஞ்சு போயிருமோன்னு இருக்குதுங்க."

சரக்கு ஏறிய அறை

உடை மாற்றும் அறையையும் இருக்கைகளையும் கட்டித் தந்தவர் கேப்டனின் அப்பா. லாரி பாடி கட்டுகிறவர். பூ பார்டரெல்லாம் போட்டு அறை ஜம்மென்று இருந்தது. ஆய்வு நாளில் லீக் அதிகாரி உள்ளே போனார். காற்றில் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது, வெளிக்கொண்டி தானாக விழுந்துவிட்டது. உள்ளே ஒரே தடதடப்பு. நான் ஓடிப்போய்த் திறந்தேன். வியர்வையில் சட்டை நனைந்து வெளியே வந்தவர், "துணி மாத்துற ரூமுக்கு வெளியே மட்டும் கொண்டியா? உள்தாழ்ப்பாள் எங்கேய்யா?" என்றார். என் வேலை போச்சு என்றே நினைத்தேன். கேப்டனின் அப்பா நிஜமாகவே திகைத்துப்போனார்.

"லாரில ஏத்துன சரக்கு உள்ள இருந்து தாப்பாப் போட்டுக்குமுங்களா சார்?"

மறு ஆய்வு

மாலை வரை அவகாசம் கிடைத்தது. வெல்டிங் மெஷின் வந்தது, தாழ்ப்பாள் ஏறியது. அதிகாரி மறுபடி உள்ளே போவாரா? என்னைப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக் காட்டச் சொன்னார். உள்ளே கும்மிருட்டு. புதுத் தாழ்ப்பாள் நகர மறுத்தது. இரண்டு கையாலும் தள்ளினேன். டக்!

வெளியிலிருந்து அவர் குரல்: "தாழ்ப்பாள் விழுந்திருச்சு மேடம், உங்க காலேஜ் இனி முதல் பிரிவு!"

நம் துறையில் நிம்மதியாக அழ ஓர் இடம் கிடைக்கவே முதல் பிரிவுக்குத் தேற வேண்டியிருக்கிறது என்பதால், போட்ட தாழ்ப்பாளைக் கொஞ்ச நேரம் நான் எடுக்கவே இல்லை.