நாலு பெல்ட், பதினோரு பேர்

பட்டாபிராம் அழகேசன் அம்பத்தூரில் ஒரு கூரை கான்ட்ராக்ட் கம்பெனிக்கு சேஃப்டி இன்சார்ஜ். அந்தப் பதவிக்கு அவர் எழுதிய பரீட்சை ஒன்றே ஒன்றுதான்: மூன்று வருஷத்துக்கு முன் கூரையிலிருந்து விழுந்தார். இடுப்பில் பிளேட் வைத்தார்கள். இனி ஏணி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் கம்பெனிக்கு மனம் இளகிவிட்டது. விழுந்து பழக்கமுள்ள ஆளாயிற்றே, மற்றவர்கள் விழாமல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு மஞ்சள் கோட்டும் போனும் கொடுத்தார்கள்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை. காலை எட்டு மணிக்கு ஆட்களை சேஃப்டி பெல்ட்டோடு நிறுத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். ஆள் பதினோரு பேர், பெல்ட் நாலு. நாலு பேர் மாட்டிக்கொண்டு நிற்பார்கள், போட்டோ. கழற்றி அடுத்த நாலு பேர், போட்டோ. கடைசியில் மூன்று பேர். கல்யாணப் பந்தி மாதிரி ஆள் மாறும், இலை மட்டும் மாறாது. அப்புறம் பெல்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மேலே போனால் அழுக்காகிவிடுமாம், மறுநாள் போட்டோ நன்றாக வராதாம். இது இன்ஜினியர் விஷாலின் உத்தரவு.

விழுந்த வலி தெரிந்த மனுஷன் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அவர்மேல் கோபம்தான். ஆனால் பிளேட் வைத்த இடுப்புக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? "போல்ட்டு மேலயே காலு வைங்கடா, ஷீட்டு நடுவுல வைக்காதீங்க, ஒடஞ்சிரும்" என்று தினமும் கத்துவார். அதோடு சரி.

போன மாதம் ஒரு பழைய குடோன். சாயங்காலத்துக்குள் கூரையை முடித்தாக வேண்டும். சிமென்ட் ஷீட்டுகளுக்கு நடுவே வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர் ஷீட்டும் தூசி படிந்து அதே நிறத்தில் கிடந்தது. பூந்தமல்லி கலீலுல்லா அதில் கால் வைத்தார்.

படாரென்று சத்தம். அழகேசன் அண்ணாந்து பார்த்தார். முப்பதடி உயரத்தில் தொடைவரைக்கும் ஒரு கால் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, கீய இன்னா கீது?"

"தரதான் கீது! ஆடாத நைனா!"

மேலே இரண்டு பேர் பலகையில் படுத்து அவரை அக்குளில் பிடித்துக்கொண்டார்கள். இனி விழமாட்டார் என்று தெரிந்ததும் அழகேசனுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. போனை எடுத்து அந்தக் காலைப் போட்டோ பிடித்துக் குரூப்பில் போட்டார்.

கலீலுல்லாவைக் கீழே இறக்குவதற்குள் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். "சூப்பர் டீம்! நாளைக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துல எடுங்க" என்று விஷால் எழுதியிருந்தார்.

கலீலுல்லா அதைப் படித்தார். "போட்டோல மூஞ்சி வுழலியே அண்ணாத்தே" என்று சிரித்தார். தொடையில் கட்டுப் போட்டு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அழகேசன் பெட்டியைத் திறந்து நாலு பேருக்கு பெல்ட் மாட்டினார். இரும்புக் கர்டரில் கயிறு கட்டி அதில் கொக்கியை மாட்டச் சொல்லி மேலே அனுப்பினார். பிறகு ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டார்.

விஷாலிடமிருந்து போன் வந்தது. "ஏங்க, ஆறு பேர் சும்மா நிக்கிறாங்களாமே?"

"பெல்ட்டு வர்ட்டும் சார், ஏறுவாங்க."

"உங்க வேலை போயிடும், பார்த்துக்கங்க."

"போட்டோ புடிக்கிற வேலதான சார், போவட்டும்."

அவர் எழுந்திருக்கவில்லை. கூரை வேலையும் சரியாக நகரவில்லை. மதியம் இரண்டு மணிக்கு பைக்கில் ஏழு புது பெல்ட் வந்தது. பின்னாலேயே விஷாலின் மெசேஜும் வந்தது: பதினோரு பேரும் புது பெல்ட்டோடு நிற்கிற போட்டோ உடனே வேண்டும்.

அழகேசன் எடுக்கவில்லை. கீழே ஒரு பெல்ட்தான் மீதி இருந்தது. பத்துப் பேரும் பெல்ட்டோடு கூரைமேல் இருந்தார்கள்.